ஸ்பார்க் பிளக் மாற்றுவது எப்படி: ஒரு மரை போன கதையோடு

மாருதி 800 வைத்திருப்பவர்களுக்கு ஒரு பாழாய்ப்போன தைரியம் உண்டு. பானெட்டைத் திறந்தால் எல்லாமே கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கும் எட்டுகிறது. 796 சிசி, மூன்று சிலிண்டர், அவற்றில் பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறிக்கு மூன்று ஸ்பார்க் பிளக். இதற்குப் போய் மெக்கானிக்கைத் தேடுவானேன்? நானும் அப்படித்தான் நினைத்தேன். அரை மணி நேர வேலை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்த்த கையோடு இறங்கினேன். வண்டி மறுபடி ஒழுங்காக ஓட ஒன்பது நாள் ஆனது.

வேலை கஷ்டமானது இல்லை. எங்கே கை தப்பும் என்று தெரியாமல் இறங்கினால்தான் வம்பு. அந்த இடங்களையும் சேர்த்தே எழுதுகிறேன். என்னுடையது டிஸ்ட்ரிப்யூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தை முறைவைத்துப் பிரித்து அனுப்புவது) உள்ள பழைய கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலப்பது) வண்டி. கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ வண்டியிலும் பிளக்கைக் கழற்றி மாட்டும் முறை இதேதான், அளவுகள் மட்டும் மாறலாம்.

எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை: பிளக் ஸ்பானர் (எனக்கு 21 மி.மீ.), ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்), சைக்கிள் பம்ப், மாஸ்கிங் டேப், பேனா, பிளக்கின் தலையில் இறுக்கமாக மாட்டும்படி ஒரு சாண் நீளத்துக்குப் பழைய ரப்பர் ட்யூப். புது பிளக் வாங்கும்போது வண்டியின் கையேட்டில் உள்ள நம்பரைச் சொல்லிக் கேளுங்கள். பழைய பிளக்கைக் காட்டி வாங்குவது எல்லாரும் செய்வதுதான், ஆனால் முன்னால் மாட்டியவர் தப்பானதை மாட்டியிருந்தால் அதே தப்பு தொடரும். மரைப் பகுதி தேவைக்கு மேல் நீளமாக இருந்தால் முனை பிஸ்டனில் இடிக்கவும் கூடும்.

1. இன்ஜின் ஆறட்டும்

ராத்திரி நிறுத்தின வண்டியைக் காலையில் தொடுவது உத்தமம். கை சுடும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. பிளக் ஏறி நிற்கும் சிலிண்டர் ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) அலுமினியம், பிளக்கின் மரை இரும்பு. சூடான ஹெட்டிலிருந்து பிளக்கைத் திருகி எடுத்தால் மிருதுவான அலுமினிய மரை பிய்ந்து வர வாய்ப்பு உண்டு. சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

2. வயருக்குப் பெயர் வையுங்கள்

டிஸ்ட்ரிப்யூட்டரிலிருந்து மூன்று தடித்த வயர்கள் பிளக்குகளுக்குப் போகும். ஒவ்வொன்றிலும் டேப் சுற்றி 1, 2, 3 என்று எழுதுங்கள். டைமிங் பெல்ட் பக்கம் இருப்பது 1. கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்காமல், முனையில் உள்ள ரப்பர் தொப்பியை லேசாகத் திருகி எடுக்க வேண்டும். ஒரு பிளக்கை மாற்றி வயரை மாட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவது என்று வைத்துக்கொண்டால் டேப்கூட வேண்டாம்.

நான் மூன்றையும் ஒரே மூச்சில் உருவிப் போட்டேன். மூன்றே வயர், நினைவு இருக்காதா! திருப்பி மாட்டியபோது இரண்டு இடம் மாறிவிட்டன. ஸ்டார்ட் செய்தால் வண்டி சாமியாடியது, அப்புறம் கார்புரேட்டர் பக்கம் 'டப்'பென்று ஒரு வெடி. இந்த இன்ஜினில் தீப்பொறி விழ வேண்டிய வரிசை 1-3-2. இரண்டு வயர் மாறினால் ஒரு சிலிண்டருக்கு, அது இன்னும் பெட்ரோல் கலந்த காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போதே பொறி விழுகிறது. வால்வு திறந்திருப்பதால் தீ வந்த வழியே கார்புரேட்டருக்குத் திரும்புகிறது. ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யக் கூடாது என்பது இதனால்தான். எனக்கு அன்று புருவம் மிஞ்சியது.

3. ஊதிவிட்டுக் கழற்றுங்கள்

பிளக்கைச் சுற்றியுள்ள குழியில் மண், காய்ந்த இலைத் துணுக்கு எல்லாம் கிடக்கும். பிளக் வெளியே வந்ததும் அது நேராக சிலிண்டருக்குள் விழும். முதலில் அரைச் சுற்று தளர்த்தி, சைக்கிள் பம்பால் நன்றாக ஊதிவிட்டு, பிறகு முழுதும் கழற்றுங்கள். ஸ்பானர் நேராக உட்கார வேண்டும். சாய்ந்தால் வெள்ளைப் பீங்கான் விரிசல் விடும். ஓட்டை திறந்திருக்கும் நேரத்தில் பக்கத்தில் போல்ட், வாஷர் எதுவும் வைக்காதீர்கள்.

4. பழைய பிளக்கைப் பாருங்கள்

முனை வெளிர் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் நல்லது. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. ஈரமான எண்ணெய்க் கறுப்பு என்றால் ஆயில் உள்ளே கசிகிறது, அதைப் புது பிளக் சரிசெய்யாது. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் அதிகச் சூடு.

5. இடைவெளி

பிளக்கின் நடு முனைக்கும் வளைந்த முனைக்கும் நடுவே பொறி தாவும் இடைவெளி என் கையேட்டில் 0.7 முதல் 0.8 மி.மீ. என்று இருக்கிறது. ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் வளைந்த முனையை மட்டும் மெதுவாக அழுத்துங்கள். கீழே விழுந்த பிளக்கை மாட்டாதீர்கள்.

6. கையால் ஏற்றுங்கள், ஸ்பானரைத் தள்ளி வையுங்கள்

ஒன்பது நாள் போனது இங்கேதான்.

முதல் இரண்டு பிளக்கும் நல்லபடியாக ஏறின. மூன்றாவது ஒன்றரைச் சுற்றில் நின்றது. அழுக்காக இருக்கும் என்று நினைத்து ஸ்பானரைப் போட்டுத் தம் கட்டித் திருகினேன். ஏறியது. ஏறாமல் என்ன செய்யும்? சாய்வாக நின்ற இரும்பு மரை, அலுமினியத்தை அறுத்துத் தனக்கு ஒரு புது வழி போட்டுக்கொண்டது. மூன்று நாள் ஓடிய பிறகு மேம்பாலம் ஏறும்போது பெரிய சத்தம், தொடர்ந்து 'புஸ் புஸ்' என்று காற்று. திறந்து பார்த்தால் பிளக் வயரோடு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "கையால எத்தனை சுத்து போச்சு தம்பி?"

"ஒன்றரை."

"அங்கயே நிறுத்தியிருக்கணும்."

ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பி, ஓட்டையைப் பெரிதாக்கிப் புது மரை வெட்டி, ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருளை உள்ளே உட்கார வைத்தார்கள். ஹெட் கேஸ்கெட்டும் புதிது. மூன்று பிளக்கின் விலையைச் சொன்னால் அந்த பில்லுக்கே சிரிப்பு வரும்.

சரியான முறை இது. ரப்பர் ட்யூபைப் பிளக்கின் தலையில் மாட்டி, குழிக்குள் நேராக இறக்குங்கள். முதலில் இடப்பக்கமாக, அதாவது கழற்றும் திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். மரையின் தொடக்கம் ஒன்றோடொன்று சேரும்போது 'டக்'கென்று விழுவது கைக்குத் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் சுற்றுங்கள். சாய்ந்திருந்தால் பிளக் நின்றுவிடும், ட்யூப் வழுக்கும், மரையை அறுக்கிற பலம் அதற்கு இல்லை. உடனே வெளியே எடுத்து மறுபடி ஆரம்பியுங்கள். ஒழுங்காக ஏறினால் பத்துச் சுற்றுக்கு மேல் விரலாலேயே போகும்.

7. இறுக்குவது

கையால் இனிப் போகாது என்ற இடத்தில் பிளக்கின் வாஷர் ஹெட்டைத் தொட்டிருக்கும். இப்போதுதான் ஸ்பானர். புது பிளக் என்றால் அரைச் சுற்று, பழையதையே திரும்ப மாட்டினால் அந்த அரைச் சுற்றில் ஆறில் ஒரு பங்கு போதும், ஏனென்றால் அதன் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும். டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) வைத்திருந்தால் சுமார் 25 நியூட்டன் மீட்டர். ஸ்பானரில் பைப் செருகி நீளமாக்குகிற பழக்கத்தை இங்கே காட்ட வேண்டாம்.

8. ஸ்டார்ட்

வயர்களை எண்படி மாட்டுங்கள், ஒவ்வொன்றும் உட்காரும்போது லேசாக ஒரு சத்தம் வரும். ஏர் ஃபில்டர் மூடி இருக்கிறதா, இன்ஜின் மேல் துணி எதையும் விட்டுவிட்டோமா என்று பாருங்கள். வண்டி குலுங்கினால் ஆக்சிலரேட்டரை மிதித்துச் சமாளிக்காமல் உடனே நிறுத்திவிட்டு வயர் வரிசையைப் பாருங்கள். 'புஸ்' சத்தம் வந்தால் பிளக் இறுக்கம் போதவில்லை, இன்ஜின் ஆறிய பிறகு ஏழாவது படிக்குப் போங்கள். இரண்டும் இல்லையென்றால் பானெட்டை மூடிவிட்டுக் கை கழுவலாம். கழற்றிய பிளக்கில் நன்றாக இருக்கும் ஒன்றையும் அந்த ரப்பர் ட்யூபையும் டிக்கியில் போட்டு வையுங்கள்.