பழைய நிலக்கரிக் கழிவு மேட்டைச் சோதிப்பது எப்படி? முதலில் தண்ணீரைத் தேடுங்கள்

கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவு மேடு, புல்லும் மரமும் வளர்ந்தபின் சாதாரணக் குன்று போலத்தான் தெரியும். புதிதாகப் பார்க்க வருபவர்கள் அதன் உயரத்தைக் கண்டு மிரளுவார்கள். நான் முதலில் தேடுவது ஈரத்தை.

காரணம் இருக்கிறது. 1966 அக்டோபர் 21 அன்று வேல்ஸ் நாட்டின் அபர்வான் கிராமத்தில் ஒரு கழிவு மேடு சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. 144 பேர் இறந்தார்கள், அவர்களில் 116 பேர் குழந்தைகள். நீரூற்றுகள் இருந்த இடத்தின் மேலேயே அந்த மேட்டைக் கொட்டியிருந்தார்கள். அந்த ஊற்றுகள் பழைய வரைபடங்களிலும் இருந்தன.

படி 1: வீட்டிலிருந்தே தொடங்குங்கள்

சுரங்கம் வருவதற்கு முந்தைய வரைபடம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ஓடை, ஊற்று, சதுப்பு எதுவாவது இன்று மேட்டுக்கு அடியில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், கீழே யார் இருக்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்: வீடு, சாலை, ஆறு.

படி 2: அடிவாரத்தைச் சுற்றி வாருங்கள்

துணைக்கு ஒருவரோடு, மழையில்லாத நாளில் போங்கள். அடிவாரம் வயிறு தள்ளியதுபோல் உப்பியிருக்கிறதா? மரங்களின் அடித்தண்டு வளைந்திருக்கிறதா? சுற்றிலும் காய்ந்த தரையில் ஓரிடம் மட்டும் கோரைப்புல்லோடு பசுமையாக இருந்தால், அங்கே கசிவு உண்டு.

கசிவு நீரின் நிறத்தைக் கவனியுங்கள். ஆரஞ்சுப் படிவு இரும்பினால் வருவது. ஓடைக்குக் கேடுதான், ஆனால் அது மட்டும் சரிவின் அறிகுறி ஆகாது. தெளிவாக வந்த நீர் திடீரெனக் கலங்கினால் கவலைப்பட வேண்டும். உள்ளே மண் அரிக்கப்படுகிறது என்று அர்த்தம். அளவு தெரிய வாளியும் கடிகாரமும் போதும்: 10 லிட்டர் நிரம்ப 40 வினாடி என்றால், வினாடிக்கு 0.25 லிட்டர்.

படி 3: சாய்வை அளந்து கணக்குப் போடுங்கள்

கிடையாக 15 மீட்டருக்கு 7 மீட்டர் ஏறினால் சாய்வு சுமார் 25 பாகை. கழிவின் உராய்வுக் கோணம் (உலர்ந்த கழிவு சரியாமல் தாங்கும் அதிகபட்சச் சாய்வு) 35 பாகை என்று வைத்துக்கொள்வோம். உராய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பைச் சாய்வின் டேன்ஜென்ட் மதிப்பால் வகுத்தால், 0.70 / 0.466, அதாவது 1.5. இதுதான் பாதுகாப்புக் காரணி: மேட்டைப் பிடித்து நிறுத்தும் விசை, கீழே இழுக்கும் விசையைப்போல் எத்தனை மடங்கு என்பது. 1-க்குக் கீழே போனால் சரியும்.

சரி, இது உலர்ந்த மேட்டுக்கு. மேற்பரப்பு வரை நீர் நிறைந்து, சரிவுக்கு இணையாகக் கசிந்தால் இந்த எண் ஏறத்தாழ பாதியாகிவிடும்: சுமார் 0.77. மேட்டின் வடிவம் துளியும் மாறவில்லை, தண்ணீர் மட்டும்தான் கூடியிருக்கிறது. இது தோராயக் கணக்குதான். உண்மையான நீர்மட்டத்தைப் பிசோமீட்டர் (மண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தத்தை அளக்கும் கருவி) வைத்துத்தான் அறிய முடியும்.

படி 4: உச்சியும் வடிகாலும்

புகை, கந்தக வாடை, சூடான தரை இருந்தால் மேலே ஏறவே வேண்டாம். உள்ளே கரி எரிந்துகொண்டிருக்கலாம், காலடியில் வெற்றிடமும் இருக்கலாம். உச்சியில் தேங்கிய நீர் இருந்தாலும், விளிம்புக்கு இணையாக வெடிப்பு ஓடினாலும் படம் எடுத்துக் குறியுங்கள். வெடிப்பின் இருபுறமும் ஒவ்வொரு முளை அடித்து இடைவெளியை அளந்து வைத்தால், அடுத்த முறை ஒப்பிடலாம். ஆனால் வெடிப்பு புதிதாகவோ அகலமாகவோ தெரிந்தால் பக்கத்தில் போய் முளை அடித்துக்கொண்டிருக்காதீர்கள்.

வடிகாலை மேலிருந்து கீழாக, தண்ணீர் போகும் வழியிலேயே தொடருங்கள். அடைத்த குழாய் ஒரு தொல்லை என்றால், விரிசல் விட்ட கால்வாய் அதைவிட மோசம். வெளியேற வேண்டிய நீரை அதுவே மேட்டுக்குள் ஊட்டுகிறது. மேலே நுழையும் நீரின் அளவையும் கீழே வெளிவரும் அளவையும் ஒப்பிட்டால் இந்தத் திருட்டு பெரும்பாலும் பிடிபடும்.

படி 5: மழைக்குப் பின் மறுபடியும்

பெருமழை ஓய்ந்ததும், முதலில் எடுத்த அதே இடங்களிலிருந்து படம் எடுங்கள். முளைகளின் இடைவெளி கூடியிருந்தாலோ, கசிவு கலங்கியிருந்தாலோ, ஓடிக்கொண்டிருந்த ஊற்று திடீரென நின்றிருந்தாலோ அளப்பதை விட்டு விலகுங்கள். கீழே இருப்பவர்களுக்கும் சுரங்கப் பாதுகாப்புத் துறைக்கும் அன்றே சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் புவித்தொழில்நுட்பப் பொறியாளர் பார்க்க வேண்டிய வேலை.