கார் ஷெட்டுக்கு ரேக் வாங்கும் முன்

கார் ஷெட்டை ஒழுங்குபடுத்த நினைத்ததும் எல்லோரும் முதலில் ரேக் கடைக்குத்தான் போகிறார்கள். கடைக்குப் போவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வண்டியை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும்.

1. சாக்பீஸ் கோடு

தினமும் நிறுத்துகிற இடத்திலேயே காரை நிறுத்தி, நான்கு கதவுகளையும் டிக்கியையும் முழுக்கத் திறந்து வையுங்கள். கதவு நுனிக்கு நேர் கீழே, தரையில் சாக்பீஸால் கோடு போடுங்கள். பைக், சைக்கிள் இருந்தால் அவற்றைச் சுற்றியும் ஒரு கோடு. இந்தக் கோடுகளுக்கு வெளியே மிஞ்சுகிற இடம்தான் சாமான்களுக்கு.

10 அடி அகலம், 18 அடி நீளம் உள்ள ஷெட் என்று வைத்துக்கொள்வோம். நம்மூர்ச் சின்ன கார்கள் 4 மீட்டருக்குள், அதாவது 13 அடி சுமாருக்கு இருக்கும். நீளவாக்கில் 5 அடி மிஞ்சுவதால், எதிர்ச்சுவரில் ஒன்றரை அடி ஆழமுள்ள ரேக் தாராளமாக நிற்கும். இடநெருக்கடி அகலத்தில்தான். கண்ணாடிகளோடு சேர்த்தால் கார் 6 அடியைத் தாண்டிவிடும். நடுவில் நிறுத்தினால் இரண்டு பக்கமும் இரண்டடிக்குக் குறைவாகத்தான் கிடைக்கும், அதில் எந்த ரேக்கும் வைக்க முடியாது. கூட வருகிறவர்களை வாசலிலேயே இறக்கிவிட்டு, காரை இடப்பக்கச் சுவரையொட்டி நிறுத்திப் பழகுங்கள். வலப்பக்கம் ஓரடி ஆழ ரேக் வைத்தாலும் ஓட்டுபவர் இறங்க இரண்டடி இருக்கும்.

2. எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். எங்கள் ஷெட்டில் நான் முதலில் தூக்கியது பழைய புத்தகங்கள் இருந்த அட்டைப்பெட்டி. மேல்பாதி கையோடு வந்தது, அடிப்பாதி தரையிலேயே நின்றுவிட்டது. உள்ளே ஈர மண் வரி வரியாகப் புத்தகங்களைத் துளைத்துப் போயிருந்தது. நடுவில் வெள்ளை வெள்ளையாகக் கரையான்கள். அப்பாவின் கல்லூரிக் குறிப்பேடு ஒன்று அதில் இருந்தது. அன்றோடு ஷெட்டுக்குள் அட்டைப்பெட்டியும் பிளைவுட் தட்டும் வைப்பதை நிறுத்திவிட்டோம்.

வெளியே வந்தவற்றை மூன்று குவியலாகப் பிரியுங்கள்: கனமானவை, நீளமானவை, சில்லறைச் சாமான்கள். பத்திரம், சான்றிதழ், துணிமணி எல்லாம் வீட்டுக்குள் போகட்டும். கேனில் பெட்ரோல் இருந்தால் அது எந்தக் குவியலிலும் சேராது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவித் தேங்கும். பேட்டரி ஸ்கூட்டர் சார்ஜ் ஆகிற ஷெட்டில், ஒரு சின்னப் பொறி போதும். தின்னருக்கும் இதே கதைதான்.

3. கனமானவற்றுக்கு ஆங்கிள் ரேக்

ஓட்டை ஓட்டையாக இருக்கிற இரும்பு ஆங்கிளில் தட்டுகளை போல்ட் போட்டு முடுக்குகிற ரேக்தான் என் தேர்வு. தட்டின் உயரத்தை நம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம். கடையில் கேஜ் என்ன என்று கேளுங்கள். எண் குறையக் குறையத் தகடு தடிமன் கூடும். ஆங்கிள் 14 கேஜ், தட்டு 20 கேஜ் என்றால் சாதாரண வீட்டுக்குப் போதும். பெயின்ட் வாளிகளை அடுக்குவதென்றால் தட்டு 18 கேஜில் கேளுங்கள். 20 லிட்டர் வாளி ஒன்றே 25 கிலோவுக்கு மேல் வரும். மூலைகளில் முக்கோணத் தகடு போடச் சொல்லுங்கள், அது இல்லாவிட்டால் ரேக் பக்கவாட்டில் ஆடும். கடலோர ஊர்களில் அறுத்த ஓரங்களில்தான் துரு முதலில் பிடிக்கும், அங்கே மட்டுமாவது பெயின்ட் அடித்துவிடுங்கள்.

அடித்தட்டு எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்? சென்னைப் புறநகரில் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையும் எங்கள் தெருவுக்குள் வந்தவை. சுவரில் படிந்த தண்ணீர்க் கறைதான் உங்கள் அளவுகோல், அதற்கு மேலேதான் அடித்தட்டு. கறை இல்லாத வீட்டிலும் ஓரடியாவது விடுங்கள், கூட்டிப் பெருக்கவும் கரையான் தடத்தைப் பார்க்கவும் வசதி. கனமான பொருள் கீழ்த்தட்டுகளில், லேசானது மேலே. ரேக்கின் தலைப்பகுதியைச் சுவரோடு சேர்த்து போல்ட் போட்டுவிடுங்கள். குழந்தைகள் ஏறிப் பார்க்கத்தான் செய்வார்கள்.

4. நீளமானவற்றுக்குச் சுவர்

ஏணி, மண்வெட்டி, கடப்பாரை, தோட்டத்து ஹோஸ் எல்லாம் கொக்கியில் தொங்கட்டும். ஏணியைப் படுக்கைவாட்டில் மாட்டினால் இரண்டு கொக்கி போதும். சுவர் எதில் கட்டியது என்று முதலில் பாருங்கள். செங்கல் என்றால் ஸ்க்ரூவுக்காகத் துளையில் செருகுகிற பிளக் நன்றாகப் பிடிக்கும். ஹாலோ பிளாக் என்றால் உள்ளே வெற்றிடம், சாதாரண பிளக் கனம் தாங்காமல் பிடுங்கிக்கொள்ளும். அந்தச் சுவரில் லேசானதை மட்டும் மாட்டி, கடப்பாரையை மூலையில் நிறுத்தி ஒரு சங்கிலி போடுங்கள்.

ஸ்பேனர், கட்டிங் பிளேயர் மாட்ட விற்கிற துளைப்பலகையில் மர அட்டை வகை மழைக்காலத்தில் ஊதிவிடும். தகட்டில் செய்தது வாங்குங்கள்.

5. தலைக்கு மேல்

கான்கிரீட் கூரை என்றால் பரண் கட்டலாம். ஷீட் கூரையில் எதையும் தொங்கவிடாதீர்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் டிரில் போடவே கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

6. சில்லறைச் சாமான்கள்

உள்ளே இருப்பது வெளியே தெரிகிற, மூடி உள்ள பிளாஸ்டிக் பெட்டிகள் வாங்குங்கள். எல்லாம் ஒரே அளவில் இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். எந்தப் பெட்டியும் நிரம்பிய பிறகு ஒரு கையால் இழுக்க வருகிற கனத்தைத் தாண்ட வேண்டாம்.

இப்போது டேப்பும் அளவுகள் குறித்த தாளுமாகக் கடைக்குப் போகலாம். ரேக் வந்து சாமானை அடுக்கிய ஒரு வாரம் கழித்து, ஸ்பேனரை எடுத்து எல்லா போல்ட்டையும் ஒருமுறை முடுக்குங்கள். பாரம் ஏறியதும் ஒன்றிரண்டு கட்டாயம் தளர்ந்திருக்கும்.