தெருவோர வியாபாரிகள் சங்கம் சறுக்கும் இடங்கள்

மும்பை தாராவியில் விடிவதற்கு முன்பே இட்லி அவிந்துவிடும். ஏழு மணிக்குள் சைக்கிளில் ஏறி மாட்டுங்கா, சயான் பக்கம் போய்விடும். இதைச் சுமந்து விற்கும் நம் ஆட்கள் சங்கமாகக் கூடுவதில் குறையே இல்லை. கூடிய பிறகு செய்கிற தவறுகள்தான் ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருக்கின்றன.

பெரிய தவறு, காகிதத்தை மதிக்காதது. 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, மாநகராட்சிக்காரர்கள் சரக்கைப் பறிமுதல் செய்தால் எடுத்ததற்கெல்லாம் பட்டியல் எழுதி, கையெழுத்துப் போட்டு நம்மிடம் தர வேண்டும். கட்டணம் கட்டிக் கேட்டால், கெட்டுப்போகும் பொருளை அன்றைக்கே கொடுக்க வேண்டும். மற்றவற்றுக்கு இரண்டு வேலை நாள். ஒருமுறை நாங்கள் நாற்பது பேர் போய்க் கூச்சல் போட்டு ஒரு வண்டியை மீட்டோம். மாலை, பட்டாசு எல்லாம் உண்டு. வீட்டுக்கு வந்து பார்த்தால் அடுப்பும் இட்லிக் கொப்பரையும் இல்லை. பட்டியலை யாருமே வாங்கவில்லை. எதைக் காட்டிக் கேட்பது? அதற்கப்புறம்தான் பழைய பாவ்தி (மாநகராட்சிக்குக் கட்டிய பணத்துக்கான ரசீது), அபராத ரசீது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைக்கப் பழகினோம்.

தெருவோர வியாபாரிகளைக் கணக்கெடுக்கும் நாளில் இடத்தில் இல்லாமல் போவது இன்னொன்று. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது எடுக்க வேண்டும் என்கிறது சட்டம். அது முடிந்து விற்பனைச் சான்றிதழ் தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. ஆனால் கோயில் கொடைக்கு நாம் திருநெல்வேலி போயிருந்தால் நம் பெயர் எப்படி ஏறும்? ஒரு ஆளையாவது கடையில் விட்டுவிட்டுப் போங்கள்.

கணக்கெடுப்பு, சான்றிதழ் இவற்றைக் கவனிக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகள், அதுவும் தேர்தலில் வந்தவர்கள் இருக்க வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். நாமோ, நன்றாகப் பேசுகிறார் என்று வண்டியே இல்லாத அண்ணாச்சியை நிறுத்துகிறோம். மாவாட்டி, அவித்து, விற்கிற அக்காவின் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது. உரிமம் அவர் கணவர் பெயரில்!

தமிழர் சங்கம் என்றே நின்றுவிடுவதும் ஆபத்து. 1960களில் தென்னிந்தியர்களுக்கு எதிராக இங்கே என்ன நடந்தது என்பது பெரியவர்களுக்குத் தெரியும். பக்கத்தில் வடாபாவ் போடும் மராத்திக்காரருக்கும் சரக்கை அள்ளிப் போகும் மாநகராட்சி லாரியைக் கண்டு அதே பயம்தான். அவரையும் சேர்த்து, மனுவை மராத்தியில் எழுதுங்கள்.

கடைசியாக ஸ்வநிதி, தெருவோர வியாபாரிகளுக்கான மத்திய அரசின் கடன் திட்டம். 2020இல் 10,000 ரூபாய்க் கடனாக வந்தது, கொரோனா நேரத்தில் உண்மையிலேயே கைகொடுத்தது. ஆனால் கடன் வந்ததும் எங்கள் கூட்டத்துக்கு வருகிறவர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள். கடன் வேறு, நிற்கும் இடத்துக்கான விற்பனைச் சான்றிதழ் வேறு. தவணையை ஒழுங்காகக் கட்டியவரின் வண்டியும் அதே லாரியில் ஏறத்தான் செய்தது.