யூபிஎஸ் டிரைவரைக் கணினியோடு சேர்த்தே எழுப்புவது

முதல்முறை யூபிஎஸ் டிரைவரை நான் கையால்தான் ஓட்டினேன். ஓடியது, மறந்துவிட்டேன். சில வாரம் கழித்துக் கணினியை மறுதொடக்கம் செய்தபோது டிரைவர் எழவில்லை, எனக்கும் தெரியவில்லை. அடுத்த மின்வெட்டில் யூபிஎஸ் கத்திக்கொண்டே இருக்க, கணினி பேட்டரி தீரும்வரை ஓடிப் பொத்தென்று அணைந்தது.

டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை வைத்துச் சொல்கிறேன். நட் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ் தொகுப்பை நிறுவுங்கள். அதில் டிரைவர் யூபிஎஸ்ஸோடு பேசும். யூபிஎஸ்டி அந்தத் தகவலை 3493 என்ற போர்ட்டில் பிறருக்குத் தரும். யூபிஎஸ்மான் பேட்டரி தீரும் தறுவாயில் கணினியை முறையாக அணைக்கும். டிரைவர் இல்லையென்றால் மற்ற இரண்டும் இருந்தும் பயனில்லை.

1. யூஎஸ்பி கேபிளை ஒருமுறை பிடுங்கிச் செருகுங்கள். யூபிஎஸ்ஸைத் தொட டிரைவருக்கு அனுமதி தரும் விதி, கேபிளைச் செருகும்போதுதான் பொருந்தும். ‘அனுமதி இல்லை’ என்ற பிழை பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும்.

2. இடிசி கோப்புறைக்குள் இருக்கும் நட் கோப்புறையில் ‘யூபிஎஸ்.கான்ஃப்’ கோப்பைத் திறங்கள். சதுர அடைப்புக்குள் ‘ஹோம்’ போல ஒரு பெயரை ஆங்கில எழுத்தில் இடுங்கள். அதன் கீழே இரண்டு வரிகள்: டிரைவரின் பெயர், போர்ட்டுக்கு ‘ஆட்டோ’. ஏபிசி நிறுவனத்தின் யூஎஸ்பி மாதிரிகள் பலவற்றுக்கு ‘யூஎஸ்பிஹிட்-யூபிஎஸ்’ பொருந்தும். விலை குறைந்த பல மாதிரிகளுக்கு ‘நட்டிஆர்வி_க்யூஎக்ஸ்’.

3. அதே இடத்தில் ‘நட்.கான்ஃப்’ கோப்பில் மோட் என்பது ‘நன்’ என்றிருக்கும். அதாவது எதையும் தொடங்காதே. அதை ‘ஸ்டாண்டலோன்’ என மாற்றுங்கள். சமக்குறியின் இருபுறமும் இடைவெளி கூடாது. புதியவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான்.

4. பழைய வழியில் ‘யூபிஎஸ்டிஆர்விசிடிஎல் ஸ்டார்ட்’ என்ற ஒரே கட்டளை, கோப்பில் உள்ள எல்லா டிரைவர்களையும் எழுப்பும். 2022-இல் வந்த 2.8.0 பதிப்பிலிருந்து, சிஸ்டம்டி (கணினி எழும்போது சேவைகளைத் தொடங்கும் நிரல்) உள்ள கணினிகளில் ‘நட்-டிரைவர்-எனுமரேட்டர்’ அந்தக் கோப்பைப் படித்து ஒவ்வொரு யூபிஎஸ்ஸுக்கும் தனிச் சேவையை உருவாக்குகிறது. எனவே சிஸ்டம்சிடிஎல் கட்டளையால் அந்த எனுமரேட்டர் சேவையை எனேபிள் செய்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டு வழிகளையும் கலக்காதீர்கள். ஒரே யூபிஎஸ்ஸுக்கு இரண்டு டிரைவர்கள் அடித்துக்கொள்ளும்.

ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறு இயங்குதளம் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு பாடில்லை. ‘ஆர்சி.கான்ஃப்’ கோப்பில் ‘நட்_எனேபிள்’ என்பதற்கு ‘யெஸ்’ கொடுத்தால், டிரைவர் முதலிலும் யூபிஎஸ்டி பின்னரும் எழும்.

இனிக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். கையால் எதையும் தொடங்காமல், யூபிஎஸ்ஸின் நிலையைக் காட்டும் ‘யூபிஎஸ்சி ஹோம்’ கட்டளையைத் தட்டுங்கள். ‘யூபிஎஸ்.ஸ்டேட்டஸ்’ வரியில் ‘ஓஎல்’ தெரிந்தால் மின்சாரம் வருகிறது, டிரைவரும் தானாக எழுந்திருக்கிறது. யூபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டுச் சில நொடிகளில் மறுபடி தட்டுங்கள். இப்போது ‘ஓபி’, அதாவது பேட்டரியில் ஓடுகிறது, என்று வர வேண்டும்.