சளிக்குக் கசாயம், வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணீர்: அளவு தப்பாமல் செய்வது எப்படி

வீட்டில் ஒருவர் தும்மினால் போதும், ஆளுக்கொரு கைமருந்து சொல்வார்கள். ஒருவர் மிளகை அள்ளிப் போடச் சொல்வார், இன்னொருவர் அஞ்சறைப் பெட்டியில் இருப்பதையெல்லாம் ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கொதிக்கவிடுவார், கடைசியில் குடித்தவருக்குச் சளியோடு நெஞ்செரிச்சலும் சேர்ந்துகொள்ளும். கைமருந்து வேலை செய்யும், நான் அதை நம்பித்தான் பிள்ளைகளை வளர்க்கிறேன், ஆனால் அளவும் வேண்டும், எதுவரை போகலாம் என்கிற எல்லையும் தெரிய வேண்டும்.

முதலில் சுக்குக் கசாயம். சுக்கை அப்படியே தட்டிப் போடாதீர்கள். 'சுக்குக்குப் புற நஞ்சு, கடுக்காய்க்கு அக நஞ்சு' என்று பெரியவர்கள் சொல்வது இதற்குத்தான்: சுக்கின் மேல்தோலைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட வேண்டும், கடுக்காயில் உள்ளே இருக்கும் கொட்டையை நீக்க வேண்டும். அம்மா சுக்கைச் சுரண்டும்போது சாம்பல் நிறத் தோல் பொடிப்பொடியாக உதிரும், உள்ளே வெளிர் மஞ்சளாக நார் தெரிந்ததும் நிறுத்திவிடுவார். அப்படிச் சுரண்டிய சுக்கு விரலின் ஒரு கணு அளவு, மிளகு பத்து, திப்பிலி மூன்று, தனியா ஒரு மேசைக்கரண்டி. இவற்றை வெறும் வாணலியில் வாசனை வரும் வரை வறுத்து, உரலில் ஒன்றிரண்டாகத் தட்டி, இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டுச் சின்னத் தீயில் ஒரு டம்ளராக வற்றவிடுங்கள். நைசாகப் பொடித்தால் வடிகட்டியில் அடைத்துக்கொள்ளும், குடிக்கும்போது தொண்டையையும் கமறவைக்கும். இறக்கும் நேரத்தில் பத்துத் துளசி இலையைக் கிள்ளிப் போட்டு மூடி வைத்தால் போதும், சேர்த்துக் கொதிக்கவிட்டால் வாசனை ஆவியோடு போய்விடும். கருப்பட்டி கொஞ்சம் சேர்த்து, வெதுவெதுப்பாக இரண்டு பேர் குடிக்கலாம். சாப்பிட்ட பிறகு குடிப்பது நல்லது, வயிற்றுப்புண் உள்ளவர்கள் மிளகையும் திப்பிலியையும் விட்டுவிட்டுத் தனியா, சுக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இது சளியை உண்டாக்கிய வைரஸைக் கொல்லாது. சாதாரணச் சளி ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே விலகும், அதுவரை தொண்டைக்கு இதமாகவும் மூச்சுவிட லேசாகவும் இருக்கத்தான் கசாயம். இரவு இருமலுக்குப் படுக்கும் முன் ஒரு தேக்கரண்டி தேன் நன்றாகவே கேட்கும். ஆனால் ஒரு வயது முடியாத குழந்தையின் நாக்கில் தேனைத் தொட்டுக்கூட வைக்காதீர்கள், தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கி, தசைகளைச் செயலிழக்க வைக்கும், அதனால் மூச்சே நின்றுபோகலாம். பிறந்த குழந்தைக்கு வசம்பு உரைத்து ஊற்றுவதும் வேண்டாம், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். நெஞ்சில் தடவக் கற்பூரம் போட்டுக் காய்ச்சும் எண்ணெயும் சின்னக் குழந்தைகளுக்கு ஆகாது, கற்பூரம் உடம்பில் ஏறினால் வலிப்பு வரும்.

மஞ்சள் பாலுக்கு ஒரு சிறு விஷயம்: மஞ்சளில் உள்ள குர்குமின் உடம்பில் எளிதில் சேராது, மிளகும் கொழுப்பும் கூட இருந்தால் கூடுதலாகச் சேரும். அதனால் ஒரு டம்ளர் பாலுக்கு கால் தேக்கரண்டி மஞ்சள், ஒரு சிட்டிகை மிளகுத்தூள், ஒரு சொட்டு நெய். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மஞ்சளைச் சமையலில் போடும் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வயிற்று உப்புசத்துக்கு ஓமம் ஒரு தேக்கரண்டி, இரண்டு டம்ளர் தண்ணீரில் ஒரு டம்ளராகக் காய்ச்சி வடிகட்டிக் குடியுங்கள். பல்வலிக்குக் கிராம்பை வலிக்கிற பல்லில் வைத்து மெதுவாகக் கடித்துக்கொள்ளலாம், அதிலுள்ள யூஜெனால் சற்று நேரம் மரக்க வைக்கும், சொத்தை அப்படியேதான் இருக்கும், பல் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும்.

நான் அதிகம் வலியுறுத்திச் சொல்ல வேண்டியது வயிற்றுப்போக்கைப் பற்றி. பேதியில் உயிரைக் குடிப்பது தண்ணீரும் உப்பும் உடம்பைவிட்டு வெளியேறுவதுதான், அதனால் போக்கை நிறுத்தும் மருந்தைத் தேடி ஓடுவதற்கு முன் இழந்ததைத் திரும்பக் கொடுக்க வேண்டும். ஓஆர்எஸ் என்கிற உப்புச் சர்க்கரைப் பொடி பாக்கெட் கையில் இருந்தால் அதுவே முதல் தேர்வு, ஒரு லிட்டர் பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். பாதியை ஒரு டம்ளரில் போட்டுக் கலக்குவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன், அப்படிச் செய்தால் உப்பு அதிகமாகி நிலைமை மோசமாகும். பாக்கெட் இல்லையென்றால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் சர்க்கரை ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, இரண்டையும் தலைதட்டி அளந்து போடுங்கள். குவித்து அள்ளினால் கணக்கு மாறிவிடும். வாயில் விட்டுப் பாருங்கள், கண்ணீரைவிட அதிகமாகக் கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். சர்க்கரை ருசிக்காகச் சேர்ப்பதில்லை, அது இருந்தால்தான் குடல் உப்பையும் தண்ணீரையும் நன்றாக உறிஞ்சும். குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மறுபடியும் தேக்கரண்டி தேக்கரண்டியாகக் கொடுங்கள். கலக்கிய தண்ணீரை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். கஞ்சி, மோர், தாய்ப்பால் எதையும் நிறுத்த வேண்டியதில்லை.

தீப்புண்ணுக்கு மட்டும் அடுக்களைப் பக்கம் போகாதீர்கள். மஞ்சள், மாவு, பற்பசை எதுவும் தடவாமல், குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும்.

'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்பதைக் காய்ச்சலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் தாண்டினால் ரத்தப் பரிசோதனை, மழைக்காலத்தில் அதற்கும் முன்பே. டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்தான கட்டம் தொடங்கும், உடம்பு தணிந்துவிட்டது என்று நிலவேம்பைக் கொடுத்துப் படுக்க வைத்துவிடாதீர்கள். வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம், சிறுநீர் குறைவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், போகும்போது என்னென்ன கசாயம் எத்தனை வேளை கொடுத்தீர்கள் என்பதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.