ராத்திரி வேலை முடிந்து வரும் மூளையை அளப்பது எப்படி? நெற்றிப் பட்டியோடு ஒரு செய்முறை

தம்பி தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ராத்திரி வேலை செய்கிறான். கொழுந்தை வாட்டத்தட்டில் பரப்பிக் காற்று விட்டு, வாடியதும் ரோலரில் போட்டு, விடியும்வரை நின்றுகொண்டே இருக்கிற வேலை. காலையில் வீட்டுக்கு வந்ததும், "உடம்பு ஒன்னும் செய்யல அண்ணே, மண்டைதான் ஓடல" என்பான். நான் ஹட்டனில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். உயர்தரப் பிள்ளைகளும் மூன்றாவது வினாத்தாளில் கை வைக்கும்போது இதையேதான் சொல்கிறார்கள். அந்த 'மண்டை ஓடாததை' அளக்க முடியுமா என்று தேடப்போய்த்தான் மூளை அலை பார்க்கும் நெற்றிப் பட்டி ஒன்றை வாங்கினேன். முதல்முறை தொடுகிறவர்களுக்காக, நான் செய்கிற முறையை அப்படியே எழுதுகிறேன்.

என்ன அளக்கிறோம்?

மூளையின் நரம்புக்கலங்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து ஒரே தாளத்தில் இயங்கும்போது, மண்டை ஓட்டுக்கு வெளியே தோலில் மிகச் சிறிய மின்னழுத்தம் தெரியும். பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோவோல்ட் வரை. டார்ச் பட்டரி ஒன்று 1.5 வோல்ட், அதை லட்சம் பங்காகப் பிரித்து ஒரு பங்கை எடுத்தால் 15 மைக்ரோவோல்ட். இவ்வளவு சின்னதைத்தான் பிடிக்கப் போகிறோம் என்பதை மனதில் வைத்தால், பின்னால் சொல்லும் கவனங்கள் எதுவும் மிகையாகத் தோன்றாது.

மனிதத் தலையிலிருந்து இதை முதலில் பதிந்தவர் ஹான்ஸ் பெர்கர், ஜெர்மனியின் யேனா நகரில், 1924இல். 1929இல்தான் வெளியிட்டார். அலைகளை மீடிறன்படி பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். விநாடிக்கு 4 முதல் 8 தடவை அலைந்தால் தீட்டா, 8 முதல் 13 வரை அல்பா, 13 முதல் 30 வரை பீட்டா. அதற்குக் கீழே டெல்டா, மேலே காமா. நமக்கு இந்த வேலைக்கு முதல் மூன்றும் போதும்.

மூளை களைக்கும்போது பொதுவாகக் காணப்படுவது இதுதான்: கண் திறந்திருக்கும் நிலையில் தீட்டாவும் அல்பாவும் ஏறும். அதனால் தீட்டாவையும் அல்பாவையும் கூட்டிப் பீட்டாவால் வகுத்தால் வரும் விகிதமும் ஏறும். இதையே தலைகீழாக, பீட்டாவை மற்ற இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து, ஒருவர் வேலையில் எவ்வளவு ஈடுபட்டிருக்கிறார் என்று காட்டும் சுட்டியாக நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் ஆலன் போப் குழுவினர் 1995இல் பயன்படுத்தினார்கள்.

கருவி

என்னிடம் இருப்பது மியூஸ் பட்டி. நான்கு சென்சர்: நெற்றியின் இடமும் வலமுமாக இரண்டு, காதுகளுக்குப் பின்னால் இரண்டு. இவற்றை ஒப்பிட்டுப் பார்க்கும் அடிப்படைச் சென்சர் நெற்றியின் நட்டநடுவில் இருக்கிறது. விநாடிக்கு 256 தடவை அளந்து புளூடூத் வழியே போனுக்கு அனுப்பும். தரவை அட்டவணையாகச் சேமிக்க மைண்ட் மானிட்டர் என்ற ஆப்பைப் பயன்படுத்துகிறேன். வேறு பட்டி வைத்திருந்தாலும் முறை இதுதான். தரவை வெளியே எடுக்க முடிகிறதா என்பதை மட்டும் வாங்கும் முன் பாருங்கள். 'தியானப் புள்ளி 72' என்று மட்டும் சொல்லும் கருவி நமக்கு உதவாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் எடுக்கும் மூளை அலைப் பதிவான ஈ.ஈ.ஜி. வேறு. அங்கே வழக்கமான ஏற்பாட்டில் தலை முழுவதும் 21 இடங்களில் மின்வாய் ஒட்டுவார்கள். வலிப்பு, மயக்கம் என்று சந்தேகம் இருந்தால் டொக்டரிடம்தான் போக வேண்டும். இந்தப் பட்டியை வைத்து யாருக்கும் எதுவும் சொல்லாதீர்கள்.

படி 1: நெற்றியைத் தயார் செய்யுங்கள்

பாதிப் பேர் தோற்கும் இடம் இது. நம் ஊர்க் குளிரில் தோல் வறண்டு போய் இருக்கும். வறண்ட தோலில் உலர் சென்சர் பிடிக்காது. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் நெற்றியையும் காதுக்குப் பின்புறத்தையும் துடையுங்கள். லேசான ஈரம் இருக்கும்போதே பட்டியை மாட்டுங்கள். தலைக்கு எண்ணெய் வைத்தவர்களுக்குக் காதின் பின்புறம் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டியிருக்கும். முடி இடையில் மாட்டக் கூடாது.

ஒரு வெள்ளிக்கிழமை தம்பிக்குப் பட்டியை மாட்டினேன். நான்கு கோடும் புயலில் சிக்கிய மாதிரி ஆடின. பட்டியை இறுக்கினேன், போனை மாற்றினேன், அரை மணி நேரம் போராடினேன். கடைசியில் அவன் முகத்தை நேராகப் பார்த்தபோதுதான் புரிந்தது. வேலை முடிந்து கோவிலுக்குப் போய்விட்டு வந்திருக்கிறான். மூன்று விரல் அகலத்துக்கு விபூதி, நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம். அடிப்படைச் சென்சர் உட்காரும் இடமும் அதேதான். அவனிடம் கேட்டு, துடைத்துவிட்டு மாட்டினோம், கோடுகள் அடங்கின. அன்றிலிருந்து எனக்கு ஒரு விதி: ஒரு சென்சர் மட்டும் ஆடினால் அந்த இடத்தைப் பார், நான்கும் சேர்ந்து ஆடினால் நடு நெற்றியைப் பார். பொட்டு வைத்திருப்பவர்களுக்கும் இதேதான். முடிந்ததும் திரும்ப வைத்துக்கொள்ளட்டும்.

மாட்டிய பிறகு இரண்டு மூன்று நிமிடம் சும்மா இருங்கள், சென்சர் தோலோடு படிய நேரம் எடுக்கும்.

படி 2: இடத்தைத் தயார் செய்யுங்கள்

இலங்கையில் வீட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். சுவரிலுள்ள வயர்கூட இந்தச் சின்ன சமிக்ஞையின் மேல் ஏறி உட்காரும். லேப்டாப்பைச் சார்ஜரிலிருந்து கழற்றிவிடுங்கள், போனையும் சார்ஜில் போடாதீர்கள். ஆப்பில் 50, 60 என்று தெரிவு இருந்தால் 50ஐத் தெரிவு செய்யுங்கள்.

குளிரில் நடுங்கினால் தசை அசைவும் பதிவாகிவிடும். சுவெட்டரைப் போட்டுக்கொண்டு உட்காரட்டும். வெற்றிலை வாயோடு உட்காரக் கூடாது. தாடைத் தசையின் சத்தம் பீட்டா மீடிறன்களில் வந்து கலந்துவிடும். பிளேன்டீ? தேத்தண்ணியில் கஃபீன் இருக்கிறது, அது மூளை அலையையும் மாற்றும். குடிக்க வேண்டாம் என்று நான் சொல்வதில்லை, நம் வீடுகளில் அது நடக்காது. எல்லா நாளும் ஒரே மாதிரிச் செய்யுங்கள்: ஒன்று எல்லா நாளும் அளந்த பிறகு குடியுங்கள், அல்லது எல்லா நாளும் அளப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு குடியுங்கள்.

படி 3: கண்ணை மூடிப் பார்க்கும் சோதனை

இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது. திரையில் அல்பா கோட்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், காதுக்குப் பின்னால் உள்ள சென்சர்களில். எதிரில் சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி ஒரு நிமிடம். பிறகு, "கண்ணை மூடு."

தம்பி மூடினான். இரண்டு மூன்று விநாடியில் கோடு மெல்ல எழும்பி மேலே நின்றது. "திற" என்றேன், சட்டென்று இறங்கியது. திரும்ப மூடச் சொன்னேன், திரும்ப எழும்பியது. பெர்கர் கண்டதும் இதைத்தான். கண் வழியாக வருவது நின்றதும் மூளையின் பின்பகுதி ஒரே தாளத்துக்கு வந்துவிடுகிறது. பெரும்பாலானோரிடம் இது தெளிவாகத் தெரியும், ஒரு சிலரிடம் அல்பா இயல்பாகவே குறைவு. தெரிந்தால், உங்கள் பட்டி தலையைத்தான் அளக்கிறது, காற்றை அல்ல என்று நம்பலாம்.

அப்போது அவன் கேட்டான், "அண்ணே, நான் என்ன நினைக்கிறேன்னும் இதுல தெரியுமா?" எல்லோரும் கேட்பார்கள். தெரியாது. தொழிற்சாலைக்கு வெளியே நின்று ரோலர் ஓடும் சத்தத்தைக் கேட்கிற மாதிரிதான் இது: எத்தனை ரோலர் ஓடுகிறது, வேகமா மெதுவா என்று ஊகிக்கலாம், உள்ளே யார் என்ன பேசுகிறார்கள் என்று கேட்காது. யாருக்குப் பட்டி மாட்டினாலும் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்.

அப்படியே கண்ணைச் சிமிட்டச் சொல்லுங்கள், பல்லைக் கடிக்கச் சொல்லுங்கள். சிமிட்டும்போது நெற்றிச் சென்சர்களில் பெரிய மலை மாதிரி ஒன்று எழும். பல்லைக் கடித்தால் கோடு தடித்து மயிர் சிலிர்த்த மாதிரி ஆகும். இரண்டும் மூளை அல்ல. கண்ணால் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள்.

படி 4: அளவு எடுங்கள்

என் ஒழுங்கு இது. கண் திறந்து இரண்டு நிமிடம், கண் மூடி இரண்டு நிமிடம். பிறகு எதிர்வினைச் சோதனை. பிறகு இரண்டு கேள்வி.

எதிர்வினைச் சோதனையை விட்டுவிட நினைக்காதீர்கள். அலை ஏறியது என்பது மட்டும் ஒருவருடைய வேலை கெட்டது என்பதற்குச் சாட்சி ஆகாது. டிங்கஸ், பவல் என்ற ஆய்வாளர்கள் 1985இல் கொண்டுவந்த முறை மிக எளிது: திரையில் அடையாளம் வந்ததும் தட்ட வேண்டும், அடையாளம் 2 முதல் 10 விநாடி இடைவெளியில், எப்போது வரும் என்று தெரியாமல் வரும், மொத்தம் 10 நிமிடம். அரை விநாடிக்கு, அதாவது 500 மில்லிவிநாடிக்கு, மேல் எடுத்த ஒவ்வொன்றும் ஒரு 'தவறல்'. தவறல்களை எண்ணுங்கள், தட்ட எடுத்த நேரங்களின் இடையத்தையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை) குறியுங்கள். இந்தச் சோதனையின் ஆங்கிலச் சுருக்கப் பெயரான பி.வி.டி. (PVT) என்று தேடினால் ஆப் கிடைக்கும். தொடுதிரையே கொஞ்சம் தாமதிக்கும் என்பதால் எப்போதும் ஒரே போனில் செய்யுங்கள். 10 நிமிடம் அலுப்பாகத்தான் இருக்கும். களைத்த மூளை வழுக்குவதே அந்த அலுப்பில்தான்.

கேள்வி இரண்டில் ஒன்று கரோலின்ஸ்கா தூக்க அளவு: 1 என்றால் முழு விழிப்பு, 9 என்றால் தூக்கத்தோடு மல்லுக்கட்டுகிறேன். மற்றது நானே கேட்பது: மூளை எவ்வளவு களைத்திருக்கிறது, 0 முதல் 10க்குள் சொல். இரண்டும் ஒன்றல்ல. மூன்று மணி நேரம் கணக்குச் செய்த பிள்ளை நன்றாகத் தூங்கி எழுந்திருக்கலாம்; தூக்கம் வராது, ஆனால் மூளை ஓடாது. தம்பிக்குப் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

படி 5: கணக்கு

எக்செல்லில் தரவைத் திறந்ததும் நேரடியாக வகுக்கப் போகாதீர்கள். மைண்ட் மானிட்டர் தரும் அலை வலு மடக்கையில் (log) இருக்கிறது. முதலில் 10இன் அடுக்காக மாற்ற வேண்டும். உதாரணத்துக்கு ஒரு வரிசையில் தீட்டா 0.8, அல்பா 0.7, பீட்டா 0.3 என்று வைப்போம். 10இன் அடுக்கு 0.8 என்பது 6.31, மற்றவை 5.01, 2.00. ஆக விகிதம் 11.32 வகுத்தல் 2, அதாவது 5.66. மாற்றாமல் வகுத்தால் 5 வரும், பார்க்க நியாயமாகவே தெரியும். ஆனால் பீட்டா பூச்சியத்துக்குக் கீழே போகும் வரிசையில் விகிதமே மறை எண் ஆகிவிடும். நான் ஒரு வாரத் தரவை இப்படிக் கெடுத்துவிட்டுத் திரும்பச் செய்தேன்.

சென்சர் சரியாகப் படியாத வரிசைகளையும், சிமிட்டல், தாடை அசைவு என்று ஆப் குறித்த வரிசைகளையும் நீக்குங்கள். மிஞ்சியதில் சராசரிக்குப் பதில் இடையம் எடுங்கள். தப்பிய ஓரிரு மலைகள் கணக்கைக் கவிழ்க்காது. கண் திறந்த பகுதியையும் மூடிய பகுதியையும் கலக்கவே கூடாது. கண் மூடினால் அல்பா தானே ஏறும் என்பதைப் பார்த்தோம். அதோடு, கண் மூடிய நிலையில் தூக்கம் சொக்க ஆரம்பித்தால் அல்பா குறைந்து தீட்டா வந்துவிடும். தலை முழங்காலில் விழும் நிலையில் இருப்பவரின் கண் மூடிய அல்பாவைப் பார்த்து 'களைப்பில்லை' என்று எழுதிவிடாதீர்கள்.

படி 6: அவரோடு அவரையே ஒப்பிடுங்கள்

ஒருவருடைய 5.66ஐ இன்னொருவருடைய 4உடன் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. மண்டை ஓட்டின் தடிப்பு, தோல், வயது எல்லாம் எண்ணை மாற்றும். நன்றாகத் தூங்கி எழுந்த மூன்று நாட்களிலாவது, ஒரே நேரத்தில், ஒருவருடைய வழக்கமான அளவை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு களைத்த நாளின் எண் அந்த மூன்றின் ஏற்ற இறக்கத்தைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். விகிதம், தவறல், அவர் சொன்ன எண் மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்தால் நம்பலாம். விகிதம் மட்டும் ஏறியிருந்தால் முதலில் சென்சரைச் சந்தேகப்படுங்கள். ஏன் களைப்பு என்பதை இது சொல்லாது. தூக்கக் குறைவா, இரத்தச்சோகையா, மனக்கவலையா என்று தெரிய வேறு வழிதான்.

தரவு அவருடையது. இதை நான் அழுத்தமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடும் மண். நாளை யாராவது வேலைக்கு வருபவர் தலையில் பட்டி மாட்டி, 'இன்று உன் விகிதம் கூட' என்று சம்பளத்தில் கை வைக்கலாம். பிள்ளையின் மூளை அலையைக் காட்டி, படிக்கவில்லை என்று அப்பா அடிக்கலாம். நான் யாருடைய அட்டவணையையும் அவர் கேட்காமல் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. வேண்டாம் என்றால் அவர் எதிரிலேயே அழித்துவிடுவேன்.

தம்பியின் அட்டவணையில் விகிதத்தை விட எங்களுக்குப் பயன்பட்டது தவறல் வரிசைதான். தொடர்ந்து மூன்றாவது ராத்திரி முடிந்த காலைகளில் அது எப்போதும் கூடியிருந்தது, தான் நன்றாக இருப்பதாக அவன் சொன்ன நாளில்கூட. தலவாக்கலையிலிருந்து வீடு வரை வளைவு வளைவான பாதை, காலையில் பனிமூட்டம் வேறு. எண்களை அவனிடமே கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போதெல்லாம் மூன்றாவது ராத்திரிக்குப் போகும்போது மோட்டார் சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறான். காலையில் முதல் பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு வருகிறான்.