கரிசல் மண்ணில் கார் ஷெட் தரை

கார் ஷெட்டுக்குத் தரை போட வேண்டும் என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை மூட்டை ஆகும் அண்ணாச்சி?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, அடியில் என்ன மண் என்று. எங்கள் கோவில்பட்டிப் பக்கம் கரிசல். மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். வீடு அஸ்திவாரத்தின் மேல் நிற்கிறது, தப்பித்துவிடுகிறது. ஷெட் தரையோ மண்ணின் மேல் சும்மா கிடக்கிற பலகை. மண் தூக்கினால் அதுவும் தூக்கும். வீட்டுச் சுவரில் கீறல் இல்லாமல் ஷெட் தரை மட்டும் பாளம் பாளமாக நிற்பதை எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு பார்க்கலாம்.

ஆகவே, கரிசலைத் தோண்டி வெளியே தள்ளுங்கள். முடிந்தால் 2 அடி, குறைந்தது ஒன்றரை அடி. அந்தப் பள்ளத்தில் கிராவலை 6 அங்குலம் 6 அங்குலமாகக் கொட்டி, ஒவ்வொரு அடுக்கையும் நனைத்து இறுக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் திமிசு (இடிகட்டை) போட்டால் அடியில் பொலபொலவென்றே கிடக்கும். கிராவலை ஒரு பிடி பிடித்துப் பாருங்கள்: உருண்டை நிற்க வேண்டும், உள்ளங்கையில் தண்ணீர் ஒட்டக் கூடாது. அந்த ஈரத்தில்தான் நன்றாக இறுகும். பிளேட் வைப்ரேட்டர் வாடகைக்குக் கிடைத்தால் எடுத்துவிடுங்கள், அந்தக் காசு வீண்போகாது. கடைசி அடுக்கு முடிந்ததும் கடப்பாரையை நட்டுக்குத்தலாக ஒரு அடி உயரத்திலிருந்து நழுவவிடுவேன். புதைந்தால் மறுபடியும் திமிசுதான்.

இனி கணக்கு. 18 அடிக்கு 11 அடி ஷெட், 5 அங்குலத் தளம் என்று வையுங்கள். கான்கிரீட் 82 கன அடிக்குச் சற்று மேல். ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று கலவையில் 19 மூட்டை சிமெண்ட், 35 கன அடி எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்), 70 கன அடி முக்கால் ஜல்லி பிடிக்கும். அடியில் 3 அங்குலம் பி.சி.சி. (கம்பி இல்லாத, சிமெண்ட் குறைந்த கான்கிரீட்) போட இன்னும் 5 மூட்டை. பூச்சுக்கு வாங்கிய பி-சாண்ட் மிச்சம் இருக்கிறது என்று இதில் கலக்க வேண்டாம். கலந்தே லாரியில் வருகிற ரெடிமிக்ஸும் இந்த அளவுக்குக் கட்டாது. 6 கியூபிக் மீட்டர் ஏற்றுகிற லாரியில் நமக்கு வேண்டியது இரண்டரைகூட இல்லை. ஒரு தடவைக்கு ஒரு மூட்டை சிமெண்ட் கலக்கிற மிக்சர் மெஷினே போதும்.

வாட்டம் அடிக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம். பின்சுவரிலிருந்து கேட் வரை 18 அடிக்கு இரண்டேகால் அங்குலம் இறங்க வேண்டும். டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) பிடித்துச் சுவரில் கோடு போட்டுவிட்டே மற்ற வேலை. கண்மட்டத்தை நம்பினால் கார் கழுவிய தண்ணீர் பின்சுவரில் தேங்கும்.

பி.சி.சி. இறுகியதும் அதன்மேல் கருப்பு பாலிதீன் ஷீட், சுவரோரம் சுற்றிலும் அரை அங்குலத் தெர்மாகோல். தளம் சுவரோடு ஒட்டக் கூடாது, அது தனி, இது தனி. கம்பி 8 எம்.எம்., இரண்டு பக்கமும் 8 அங்குல இடைவெளி. கம்பிக்கு அடியில் இரண்டரை அங்குல கவர் பிளாக் (சிமெண்ட் கட்டை) வைத்துத் தூக்கிக் கட்டுங்கள். "தரையில் கிடக்கட்டும், கலவை போடும்போது இழுத்துவிட்டுக்கலாம்" என்பார்கள். யாரும் இழுத்துவிட மாட்டார்கள், ஷீட்டோடு படுத்த கம்பியால் பிரயோஜனம் இல்லை. விரிசல் நேராக விழ, நடுவில் மறுநாள் வெட்டு போடப்போகிற 9ஆவது அடியில் ஒன்றுவிட்டு ஒரு கம்பியை அறுத்துவிடுங்கள்.

கான்கிரீட்டை விடிந்தும் விடியாமலும் ஆரம்பித்தால் வெயில் ஏறுமுன் பரப்பி முடிக்கலாம். அக்னி நட்சத்திரத்தில் வேண்டவே வேண்டாம். மணல், ஜல்லியைச் சட்டிக்கணக்கில் விடாதீர்கள், பத்தாவது மூட்டைக்கு மேல் சட்டி தானாகவே குறைய ஆரம்பிக்கும். 35 லிட்டர் பிடிக்கிற பெட்டி ஒன்று செய்துகொண்டால் மூட்டைக்கு மணல் ஒன்றரைப் பெட்டி, ஜல்லி மூன்று பெட்டி.

நான் மிக்சர் பக்கத்திலேயே நிற்பது தண்ணீருக்காக. மூட்டைக்கு 25 லிட்டர், மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறைவு. பாதி வேலையில் ஒரு குரல் வரும்: "அண்ணாச்சி, கலவை இறுக்கமா இருக்கு, இன்னொரு வாளி ஊத்திக்கிடவா?" ஊற்றினால் இழுக்க அவர்களுக்குச் சுலபம். ஆனால் சிமெண்டோடு சேராத தண்ணீர் பிறகு வெளியேறும்போது அந்த இடமெல்லாம் ஓட்டையாக நிற்கும், மேல்பரப்பு மாவாக உதிரும். வாளியை என் காலடியிலேயே வைத்துக்கொள்வேன். கலந்ததை அரை மணிக்குள் கொட்டி, வைப்ரேட்டர் விட்டு, மட்டப்பலகையால் இழுத்துவிட வேண்டும்.

இழுத்ததும் மேலே தண்ணீர் கசிந்து மினுங்கும். அடியில் ஷீட் இருப்பதால் கொஞ்சம் அதிகமாகவே கசியும். அது வற்றும் வரை கரணை தொடக் கூடாது. சிலர் அவசரப்பட்டு அதன்மேல் வெறும் சிமெண்டைத் தூவித் தேய்ப்பார்கள். அன்றைக்குக் கண்ணாடிபோல இருக்கும், பிறகு சிலந்திவலைக் கீறல் விடும். பளபளப்பு அடங்கியதும் மணியாசுக் கட்டையால் (தேய்ப்பு மரப்பலகை) தேய்த்து, தென்னை விளக்குமாற்றை ஒரே திசையில் லேசாக இழுங்கள். ஈரத்தில் டயரும் வழுக்காது, காலும் வழுக்காது.

மாலையில் நனைத்த சணல் சாக்கு போர்த்துங்கள். மறுநாள் காலை, விளிம்பு உதிராத அளவுக்கு இறுகியிருந்தால், 9ஆவது அடியில் கட்டிங் மெஷினால் ஒன்றேகால் அங்குல ஆழத்துக்கு வெட்டு. தள்ளிப்போட்டால் தளம் தானே ஓர் இடத்தில் வெடித்துக்கொள்ளும். அப்புறம் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது. வாட்டம் இருப்பதால் ஒரே பாத்தியில் தண்ணீர் எல்லாம் கேட் பக்கம் ஓடிவிடும். 4 அடிக்கு ஒரு குறுக்கு வரப்பு போடுங்கள். பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமெண்ட் என்றால் 14 நாள், ஓ.பி.சி. (சாதா) சிமெண்ட் என்றாலும் நம் வெயிலுக்கு 10 நாளுக்குக் குறைக்காதீர்கள்.

காரை 28 நாள் கழித்தே ஏற்றுங்கள். அதற்கு முன் அந்த வெட்டைத் தூசி போக ஊதி, நன்றாகக் காயவிட்டு சீலன்ட் அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கழுவுகிற தண்ணீர் அந்த வழியாகவே கிராவலுக்கும், அங்கிருந்து கரிசலுக்கும் இறங்கிவிடும்.